நிலவுக்குப் போய்வந்த மரங்கள்

1996-ஆம் ஆண்டு நாசா விஞ்ஞானி டேவிட் வில்லியம்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கேனல்டன் என்ற சிற்றூரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவருடைய மாணவர்கள் மரங்களைப் பற்றி வகுப்புக்காகத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தார்கள். அருகிலிருந்த சாரணியர் முகாமில் ஒரு மரம் நின்றது. அதனருகே சின்னப் பலகை. ‘நிலவு மரம்’ என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. அது என்ன மரம் என்று கேட்டிருந்தார் ஆசிரியை.

வில்லியம்ஸ் அப்படியொரு மரத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் கதை தெரியவந்தது.

1971 ஜனவரி 31 அன்று அப்போலோ 14 புறப்பட்டது. ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் நிலவில் இறங்கினார்கள். ஸ்டுவர்ட் ரூசா தாய்க்கலத்தில் தனியாக நிலவை 34 முறை சுற்றினார். விண்வெளிக்கு வருமுன் அவர் அமெரிக்க வனத்துறையில் காட்டுத் தீயை அணைக்க பாராசூட்டில் குதிக்கும் வீரராக இருந்தவர். அந்தப் பழைய உறவால் வனத்துறை கேட்டுக்கொள்ள, தம் சொந்தப் பொருள்களோடு சுமார் 500 விதைகளையும் எடுத்துச் சென்றார். லாப்லாலி பைன், சிகமோர், ஸ்வீட்கம், ரெட்வுட், டக்ளஸ் ஃபிர் என ஐந்து வகை.

திரும்பி வந்ததும் ஒரு விபத்து. கிருமிநீக்கத்துக்காக வெற்றிட அறையில் வைத்தபோது விதைப் பை வெடித்து, ஐந்து வகையும் ஒன்றாகக் கலந்து சிதறின. இனி முளைக்காது என்றே பலரும் நினைத்தார்கள். வனத்துறையின் ஸ்டான் க்ரூக்மன் அவற்றைக் கையாலேயே வகை பிரித்தார். மிசிசிப்பி, கலிபோர்னியா நாற்றங்கால்களுக்குப் போன விதைகளில் பெரும்பாலானவை முளைத்துவிட்டன. 400-க்கும் மேற்பட்ட கன்றுகள் தேறின.

1976-இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டு. கன்றுகளைப் பங்கிட அதைவிடப் பொருத்தமான தருணம் வேறில்லை. விழா என்றால் மரம் நடுவதும், அதில் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அந்நாட்டில் நூறாண்டுப் பழக்கம். 1872 ஏப்ரல் 10 அன்று நெப்ராஸ்காவில் முதல் மர நாள் கொண்டாடப்பட்டது. பத்து ஆண்டு கழித்து சின்சினாட்டி நகரப் பள்ளிகள் விடுமுறை விட்டு, மாணவர்களை ஈடன் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, எழுத்தாளர்களின் நினைவாக ஒரு தோப்பையே நட வைத்தன.

அந்த வழக்கத்தை ஒட்டி நிலவுக் கன்றுகளும் பூங்காக்களுக்கும் பள்ளிகளுக்கும் அரசு வளாகங்களுக்கும் போயின. முதல் கன்று 1975 மே மாதம் பிலடெல்பியாவின் வாஷிங்டன் சதுக்கத்தில் நடப்பட்டது. வெள்ளை மாளிகைக்கும் ஒன்று சென்றது.

எது எங்கே போனது என்று மட்டும் யாரும் முறையாகக் குறித்துவைக்கவில்லை. சில இடங்களில் கல்வெட்டு வைத்தார்கள். சில இடங்களில் பலகை. பல இடங்களில் ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளில் நாசாவே மறந்துபோனது. வில்லியம்ஸ் வேலை பார்த்த காடர்ட் மையத்தின் வளாகத்திலேயே 1977-இல் நட்ட சிகமோர் ஒன்று வளர்ந்து நின்றது. விவரம் கேட்க ரூசாவும் இல்லை. 1994-இல் அவர் காலமாகிவிட்டார்.

வில்லியம்ஸ் இணையத்தில் ஒரு பட்டியல் தொடங்கினார். பொதுமக்கள் தங்கள் ஊர் மரங்களைத் தெரிவிக்கத் தெரிவிக்க அது நூறை ஒட்டி வளர்ந்தது. பட்டுப்போனவையும் அதில் உண்டு. மீதிக் கன்றுகளில் பல இன்றும் எங்கோ, தம் பெருமை யாருக்கும் தெரியாமல் நிற்கக்கூடும். 2022-இல் ஆர்டிமிஸ் 1 கலத்தில் மீண்டும் விதைகள் நிலவைச் சுற்றிவந்தன. இம்முறை பள்ளிகளும் அருங்காட்சியகங்களும் விண்ணப்பித்துக் கன்று பெற்றன; யாருக்குக் கொடுத்தது என்ற கணக்கும் இருக்கிறது.

நம் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறார்கள். படம் எடுத்ததோடு விட்டுவிடாமல், எந்த மரம், எந்த நாள், எதன் நினைவாக, எந்த வகுப்பு நட்டது என்று ஒரு கல்லில் பொறித்து வையுங்கள். அதையே பள்ளிப் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள்.