படியெடுக்கும் உரிமை: தாமிரபரணிக் கரையில் ஏட்டுச்சுவடி முதல் கைபேசிப் படிமம் வரை

முன்னுரை

திருநெல்வேலி வட்டாரத்தில் கள ஆய்வு மேற்கொள்வோர் இன்று பழைய நூல், கடிதம், கோயிற்கணக்கு, ஓலைச்சுவடி ஆகியவற்றைக் கைபேசியிலேயே படமெடுத்துக்கொள்கின்றனர். படியெடுத்தல் எளிதாகிவிட்டது, அதனைப் பற்றிய ஐயம் எளிதாகவில்லை. எடுத்த படத்தைப் பிறருக்கு அனுப்பலாமா, ஆய்வேட்டில் இணைக்கலாமா, வெளியிடலாமா என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களில் இரண்டு உரிமைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆவணத்தை வைத்திருப்பவரின் இசைவு. மற்றொன்று, அதனை எழுதியவரின் பதிப்புரிமை. இவை வெவ்வேறு காலங்களில் உருவானவை என்பதை இப்பகுதியின் படியெடுத்தல் வரலாறு காட்டுகிறது.

உடையவர் இசைவு

சுவடிக் காலத்தில் ஏட்டைப் பெறுவதற்கு ஏடுடையவரின் நம்பிக்கையே வழியாக இருந்தது. உ.வே. சாமிநாதையர் திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் கவிராயர் குடும்பங்களை நாடிச் சென்று சுவடி தேடினார். ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீட்டு ஏடுகள் 1889இல் வெளிவந்த அவரது பத்துப்பாட்டுப் பதிப்புக்குத் துணைநின்றன. அறிமுகக் கடிதம், நேரிற் சென்று காத்திருத்தல், இரவல் பெறுதல், ஒப்புநோக்குதல், திருப்பித் தருதல் என்பன அக்காலப் பதிப்புப் பணியின் படிகளாக இருந்தன. நூலாசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவர்களாதலின் அவர்களது அனுமதி என்னும் வினாவே எழவில்லை.

படியெடுக்கப்படாத ஏடுகளின் கதியையும் சாமிநாதையரே பதிவு செய்துள்ளார். திருநெல்வேலியில் ஒரு வீட்டிலிருந்த சுவடிகள் ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடப்பட்டன. அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த பழுதுபட்ட ஏடுகள் ஆகுதியாகத் தீயிலிடப்பட்டன. இரண்டும் பகைமையால் நேர்ந்த அழிவுகள் அல்ல. சம்பிரதாயம் என்னும் நம்பிக்கையால் நேர்ந்தவை. இன்னொரு படி இருந்திருப்பின் பொருள் அழிந்தாலும் நூல் பிழைத்திருக்கும்.

ஆசிரியர் உரிமை

அச்சு பரவியபோது இரண்டாவது உரிமை சட்டவடிவம் பெற்றது. கும்பினியாட்சியின் 1847ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளோடு மேலும் 50 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இக்காலவரையறை தொடர்ந்தது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 60 ஆண்டுகளாக்கியது.

இதன் விளைவை நெல்லை எழுத்தாளர்களிடத்தே தெளிவாகக் காணலாம். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் நூல்கள் பழைய கணக்கின்படி 1998ஆம் ஆண்டின் இறுதியில் பொதுவுடைமையாகியிருக்க வேண்டும். திருத்தம் அதனை 2008க்குத் தள்ளியது. அதற்கு முன்னரே, 2002இல், தமிழக அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. இவ்வழிக்கு முன்னோடி பாரதியின் எழுத்துகள். எட்டயபுரத்தில் பிறந்து கடையத்தில் சில காலம் வாழ்ந்த பாரதியின் படைப்புரிமையை அரசு 1949இல் பெற்றுப் பின்னர் மக்களுக்கு வழங்கியது. நாட்டுடைமை நிகழாவிடினும் காலம் தன் பணியைச் செய்யும்: 1956இல் மறைந்த ச. வையாபுரிப்பிள்ளை தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் உரிமைக்காலம் 2016ஆம் ஆண்டோடு முடிந்தது.

எனினும் மூலம் வேறு, பதிப்பு வேறு. சங்கப் பாடலுக்குப் பதிப்புரிமை இல்லை. அதற்கு அண்மைக்காலத்தில் எழுதப்பட்ட உரைக்கும் முன்னுரைக்கும் உண்டு. பழந்தமிழ் நூல் என்பதாலேயே அட்டை முதல் அட்டை வரை படமெடுத்து வெளியிடலாம் என்பது பிழையான முடிவு.

கைபேசிப் படிமம்

ஆய்வுக்கெனத் தமக்காகப் படியெடுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. கற்பித்தலுக்குத் தேவையான அளவில் நூற்பகுதிகளை நகலெடுப்பது குறித்துத் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் அளித்த தீர்ப்புகளும் கல்விப் பயன்பாட்டுக்கு இடமளித்தன. விலைக்குக் கிடைக்கும் நூல் முழுவதையும் பொதுவில் பரப்புதலுக்கு இவை காப்பாகா.

ஐயம் மிகுவது அச்சேறாத கடிதங்களில்தான். கடிதத் தாள் பெற்றவருக்கு உரியது; அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வழியினருக்கும் உரியது. ஆகவே குடும்பத்தார் ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டுவது, படமெடுக்க இசைவாகலாம், வெளியிடும் உரிமையாகிவிடாது. பொதுமக்கள் அணுகக்கூடிய நூலகத்தில் உள்ள அச்சேறாத எழுத்தாயின், ஆசிரியர் இன்னாரெனத் தெரிந்த நிலையில் அவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தபின் ஆய்வு நோக்கிலோ வெளியிடும் நோக்கிலோ படியெடுக்க அதே பிரிவு வழி தருகிறது. வீட்டுப் பெட்டியிலுள்ள கடிதத்துக்கு இவ்விலக்கு பொருந்தாது. இவ்வேறுபாடு தெரியாமையால், எடுக்கக்கூடியவற்றை எடுக்காமல் விடுவதும் வெளியிடக்கூடாதவற்றைப் பரப்புவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

கருவியும் சில இழப்புகளைத் தருகிறது. பக்கத்தைத் தானாகக் கறுப்பு வெள்ளையாக்கும் செயலிகள் பென்சில் குறிப்புகளையும் மங்கிய முத்திரைகளையும் அழித்துவிடுகின்றன. ஓலையில் கீறிய எழுத்து நேரொளியில் மறையும். பக்கவாட்டு ஒளியிலேயே துலங்கும். 2020 சூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் கேம்ஸ்கேனரும் ஒன்று. ஒரே செயலியின் சேமிப்பை நம்பிய தொகுப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

சுவடிக் காலத்தில் உடையவர் இசைவு மட்டும் இருந்தது; அச்சுக் காலம் ஆசிரியர் உரிமையைச் சேர்த்தது. கைபேசி படியெடுப்பை நொடிப்பொழுதுச் செயலாக்கியதால் முதலாவது மறக்கப்படுகிறது. இரண்டாவது அளவுக்கு மீறி அஞ்சப்படுகிறது. யாரிடம், எந்நாளில், எப்பயனுக்காக இசைவு பெறப்பட்டது என்பதைப் படத்தோடு எழுதி வைத்தலும், வண்ணம் மாறாத மூலப்படத்தைக் காத்தலும், ஒரு படியை உடையவருக்கே திருப்பித் தருதலும் இவ்விரு குறைகளையும் தணிக்கும். ஏட்டைத் திருப்பித் தந்த பழைய ஒழுக்கத்தின் இக்கால வடிவம் அது. ஆற்றோடும் தீயோடும் போன ஏடுகளின் வட்டாரத்தில், இரண்டாவது படி ஒன்று இருத்தல் ஆய்வாளரின் வசதி மட்டுமன்று. ஆவணத்தின் ஆயுளும் ஆகும்.