கத்தரியும் முத்திரையும்

“‘யு’வா, ‘ஏ’யா?”

தேர்தல் முடிவுக்குக் காத்துக்கிடப்பவர் போல, தேர்வு முடிவை எதிர்நோக்கித் துடிப்பவர் போல, இளைஞர் பல்லாயிரவர் இன்று ஆவலோடு எழுப்பும் கேள்வி இது. வெற்றிபெற்ற படமொன்றின் இரண்டாம் பாகம் வருகிறது என்ற சேதி கிடைத்துவிட்டால் போதும். ராஜகீழ்ப்பாக்கத்துத் தேநீர்க் கடையிலே, தாம்பரம் இரயில் நிலையத்திலே, குரோம்பேட்டைக் கொட்டகை வாயிலிலே பேச்சு இதுவே! கதை என்ன என்று கேட்போர் சிலர். கருத்து என்ன என்று கேட்போர் அவரினும் சிலர். தணிக்கைக் குழுவினர் எந்த எழுத்தைப் பொறிக்கப் போகின்றனர் என்று கேட்போரோ பலப்பலர்! ‘ஏ’ என்றால், அஞ்சாத படம் என்று தோள் தட்டுகிறது ஒரு கூட்டம். குடும்பங்கள் வாராவே, வசூல் குறையுமே என்று கைபிசைகிறது மற்றொரு கூட்டம். முதல் போட்டவருக்கு இருக்கவேண்டிய கவலை, சீட்டு வாங்கிப் பார்ப்பவருக்கு! எந்தக் குழந்தையைக் கருதி அந்த எழுத்து பொறிக்கப்படுகிறதோ, அந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சு மட்டும் அங்கே எழக் காணோம்.

அந்த ஓரெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு, தோழர்களே! பகுத்தறிவாளர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. அச்சத்தின் வரலாறு, ஆதிக்கத்தின் வரலாறு, இடையிடையே வேடிக்கையும் நிறைந்த வரலாறு.

*

வெள்ளையர் ஆட்சி 1918-ல் திரைப்படச் சட்டம் செய்தது. 1920-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகர்களிலே தணிக்கை வாரியங்கள் தோன்றின. போலீஸ் கமிஷனர் கையிலே கத்தரி! திருடனைப் பிடிக்க வேண்டியவரைத் திரைப்படத்தைப் பிடிக்க அனுப்பினர். இந்தப் படம் குழந்தைக்கு ஏற்றதா என்று அன்று எவரும் கேட்டாரில்லை. இந்தப் படம் ஆட்சிக்கு ஏற்றதா என்பதே கேள்வி. 1927-ல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையிலே ஒரு குழு அமைத்து, நாடெங்கும் சாட்சியம் கேட்டு, மறு ஆண்டே அறிக்கையும் பெற்றனர். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. கத்தரி கையிலேயே இருந்தது. கே. சுப்பிரமணியம் எடுத்து 1939-ல் வெளிவந்த ‘தியாகபூமி’, மக்கள் பார்த்து மகிழ்ந்த பின்னர், அந்நிய ஆட்சியின் தடைக்கு ஆளாயிற்று.

1949-ல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போதுதான் ‘யு’, ‘ஏ’ எனும் இரு எழுத்துகள் பிறந்தன. யாவரும் காணலாம் என்பது முன்னது. வயது வந்தோர் மட்டுமே காணலாம் என்பது பின்னது. 1951-ல் மாகாண வாரியங்கள் போய், மத்திய வாரியம் வந்தது. 1952-ல் இன்றளவும் அடிப்படையாய் நிற்கும் திரைப்படச் சட்டம் வந்தது.

தமிழகத்தில் முதன்முதலாக ‘ஏ’ முத்திரை பெற்ற படம் எது தெரியுமா? காமக் களியாட்டம் காட்டிய படமா? குருதி கொப்பளித்த படமா? இரண்டுமன்று! 1951-ல் ஜூபிடர் நிறுவனம் எடுத்து, கே. ராம்நாத் இயக்கி, எம்.ஜி.ஆர். கரிகாலனாக வாளேந்தி நின்ற ‘மர்மயோகி’! அந்தப் படத்தின்மீது அவ்வெழுத்து ஏன் விழுந்தது? பேய் வருகிறதாம்! பேயைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவராம்!

கதையைக் கண்டவர் அறிவர், அந்தப் பேய் பேயன்று. இறந்துவிட்டதாக எல்லோரும் எண்ணிய மன்னன், உயிரோடு, உருமாறி உலவுகிறான், அவ்வளவே! பேய் என்று அஞ்சியதெல்லாம் மனிதனின் வேடமே என்று முடித்துக் காட்டிய படம் அது. பேயில்லை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடிய படத்தைப் பேய்ப்படம் என்று முத்திரையிட்டுப் பிள்ளையின் கண்ணுக்கு மறைத்தனர். பூசாரி கையில் வேப்பிலை பேயோட்டிற்று; அதிகாரி கையில் ஓரெழுத்து பேயோட்டிற்று! அதே காலத்தில் பிள்ளைகளைப் பல்லாக்கில் ஏற்றாத குறையாக அழைத்துச் சென்று காட்டிய புராணப் படங்களிலே, தலைகள் அறுந்து விழுந்தன, குடல்கள் கிழிந்து தொங்கின. அவற்றைக் கண்டு எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

*

இங்கேதான் ஓர் உண்மையைப் பிரித்தறிய வேண்டும். கத்தரி வேறு, முத்திரை வேறு. ‘நீ இதனைப் பார்க்கவே கூடாது’ என்று ஊருக்கெல்லாம் கட்டளையிடுவது கத்தரி. ‘இதில் இன்னது இருக்கிறது, உன் குழந்தையின் வயதை எண்ணிப் பார்’ என்று பெற்றோருக்குச் சொல்வது முத்திரை. முன்னது ஆதிக்கம், பின்னது அறிவிப்பு. நம் நாட்டிலே இவ்விரண்டையும் ஒரே கையில் கொடுத்தனர். கொடுத்ததால் நேர்ந்தது பேரம்!

1952-ல் ‘பராசக்தி’ வந்தபோது, தடை செய் என்று கூக்குரலிட்டவர்கள் குழந்தைகளின் நலனுக்காகவா குரலெழுப்பினர்? கோயில் கொடியவர்களின் கூடாரமாவதைச் சாடிய உரையாடல் சுட்டது, அதனால் துடித்தனர். தடைக் கூச்சலைத் தாண்டிப் படம் ஓடியது.

1968-ல் கே.ஏ. அப்பாஸ், நான்கு நகரங்களின் கதையென ஒரு சிறு செய்திப்படம் எடுத்தார். மாடமாளிகையின் மினுமினுப்பையும் சேரியின் இருளையும் அருகருகே வைத்தார். ‘ஏ’ என்றனர். சில காட்சிகளை வெட்டினால் ‘யு’ என்றனர். அவர் உச்சநீதிமன்றம் ஏறினார். வழக்கு நடக்கும்போதே, வெட்டில்லாமல் ‘யு’ தருகிறோம் என்று அரசு இறங்கி வந்தது! எனினும் 1970-ல் நீதிமன்றம், படங்களுக்கு முன்தணிக்கை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இன்னொரு வழக்கு நம் மண்ணிலேயே பிறந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ எனும் தமிழ்ப்படம், சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசிற்று. சமூகநீதிக்கு உழைத்தோர் கொதித்தனர். கொதித்ததில் நியாயமும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றம் ‘யு’ சான்றிதழை நீக்கிற்று. 1989-ல் உச்சநீதிமன்றம் அதனை மீட்டுக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் வரும் என்று அஞ்சிக் கருத்தை நசுக்குதல் தகாது என்றது. கசப்பான மருந்து! ஆயினும் ‘பராசக்தி’க்கு நாம் கேட்ட உரிமையை, நம்மை எதிர்க்கும் படத்திற்கு இல்லையென்பது எப்படி? கருத்தைக் கருத்தால் வெல்வோம். கத்தரியால் வெல்ல வேண்டிய தேவை பகுத்தறிவுக்கு இல்லை.

*

1983-ல் தணிக்கை வாரியம், சான்றளிப்பு வாரியமாயிற்று. பெற்றோர் துணையோடு காணத்தக்கது என்னும் ‘யு/ஏ’ பிறந்தது. பெயர் மாறியதே தவிர, கத்தரி உறையிலே போய்ச் சேரவில்லை.

அடுத்து வந்தது காசு. 2006-ல் தமிழிலே பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்குக் கிடைத்தது. 2011-ல் ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. குழந்தையின் கண்ணுக்காகப் பிறந்த எழுத்து, கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே வரவாகிவிட்டது! வரிக்காக வெட்டினர், விலக்குக்காகக் கெஞ்சினர். 2017-ல் சரக்கு சேவை வரி வந்து அந்தக் கதை மாறினும், ‘ஏ’ பெற்றால் அப்படியே தொலைக்காட்சியில் காட்ட இயலாது என்ற அச்சம் இன்றும் முதலாளியின் நெஞ்சைப் பிடித்தாட்டுகிறது.

2021-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஒழித்தனர். குறை உண்டெனில் உயர்நீதிமன்றம் போக வேண்டும். போயினர்! 2023 ஆகஸ்டில் ‘ஜெயிலர்’ வந்தபோது, இத்தனை வன்முறைக்கு ‘யு/ஏ’வா, நீக்குக என்று ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்திலே வழக்கிட்டார், தள்ளுபடி. 2025 ஆகஸ்டில் ‘கூலி’க்கு ‘ஏ’ கிடைத்தது. வெட்டினால் ‘யு/ஏ’ என்றனர், வெட்ட மனமின்றி ‘ஏ’யோடு வெளியிட்டு, பின்னர் ‘யு/ஏ’ வேண்டும் என்று நிறுவனத்தார் அதே நீதிமன்றத்தின் படியேறினர், அதுவும் தள்ளுபடி. கூட்ட வேண்டும் என்று ஒரு வழக்கு, குறைக்க வேண்டும் என்று ஒரு வழக்கு! அரைநூற்றாண்டுக்கு முன்னர் அப்பாஸ் கேட்ட அதே பேரக்குரல், ‘வெட்டு, எழுத்தை மாற்றுகிறோம்’ என்பது, இன்றும் ஒலிக்கிறது.

2023-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நல்லது செய்திருக்கிறது. ‘யு/ஏ’வை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயது வாரியாக மூன்றாக்கிற்று. அந்த வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் வழிகாட்டல் தேவை என்பது பொருள். கட்டளை அன்று அது. தாய் தந்தையரின் அறிவுக்கு விடப்பட்ட அழைப்பு. அறிவை மதிக்கும் நாம் வரவேற்க வேண்டிய அழைப்பு!

*

ஆனால், அந்த அழைப்பு எவர் செவியில் ஏறுகிறது? 2025 சனவரியிலே ‘ஜெயிலர்’ இரண்டாம் பாகத்தின் அறிவிப்பு வந்தது, ஆவல் பெருகிற்று. ஆவல் கொள்வதிலே பிழையில்லை. உழைத்துக் களைத்தவன் இரண்டரை மணிநேரம் மகிழ்வதை எவர் மறுப்பர்? ஆவல் வெறியாகும்போதுதான் கேடு.

2023 சனவரியில் கோயம்பேட்டுக் கொட்டகை ஒன்றின் எதிரே, நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்திலே ஓர் இளைஞன் ஓடும் லாரியிலிருந்து விழுந்து மாண்டான். 2024 டிசம்பர் 4 இரவு, ஐதராபாத்திலே ‘புஷ்பா’ இரண்டாம் பாகத்தின் முன்காட்சி. நடிகர் வந்தார், கூட்டம் முண்டிற்று, ஒரு தாய் மிதிபட்டு மாண்டாள், அவள் மகன், சிறுவன், உயிருக்குப் போராடினான். அந்தப் படத்தின் சான்றிதழிலே இருந்த எழுத்து ‘யு/ஏ’. பெற்றோர் துணையோடு காணலாம்! துணைக்கு வந்த பெற்றவளையே கூட்டம் கொன்றது. திரைக்குள்ளே என்ன ஓடுகிறதென்று எழுத்து சொல்லும். திரைக்கு வெளியே ஓடும் வெறிக்கு முத்திரையிட எந்த வாரியம் உண்டு?

வயது வந்தோர்க்கு மட்டும் என்று பலகை தொங்கும் வாயிலிலே, அட்டை உருவத்துக்குப் பாற்குடம் கவிழ்க்கிறான் இருபத்தைந்து வயதுக் காளை. கல்லுக்குப் பாலூற்றுவது மடமை என்று முழங்கியவரின் பேரன், அட்டைக்குப் பாலூற்றுகிறான்! பதினெட்டு என்பது உடலுக்கு மட்டும் வரும் வயதா? அறிவுக்கும் வரவேண்டிய வயதல்லவா?

ராஜகீழ்ப்பாக்கத்து இளைஞர்களே, தாம்பரத்துத் தோழர்களே! இரண்டாம் பாகம் வரட்டும், பாருங்கள். பார்க்குமுன் அந்த எழுத்தைப் படியுங்கள். வெற்றிச் சின்னமென்று தூக்காதீர், அவமானமென்று மறைக்காதீர். பதினாறு என்று குறித்திருந்தால், எட்டு வயதுத் தம்பியைத் தோளில் ஏற்றிச் செல்லுமுன் ஒருகணம் நில்லுங்கள். ‘ஏ’ என்றிருந்தால், அவன் அழுதாலும் வீட்டிலே விட்டுச் செல்லுங்கள். ஆண்டு பல கழித்து அவன் பார்க்கலாம், படம் எங்கும் ஓடிவிடாது. கருத்தை வெட்டக் கத்தரி வருமாயின், எந்தக் கருத்தானாலும், எதிர்த்து எழுங்கள்.

கத்தரிக்குப் பணியாதவன், முத்திரையை மதிக்கக் கற்றவன்; அவனே வயது வந்தவன்!