கேக்கில் புகுந்த கதலி

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவைச் சார்ந்தது ஆரியசாலை. தமிழ் வணிகர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. திருவிதாங்கூரின் திவானாகிய ராஜா கேசவதாசர் அமைத்த கடைத்தெரு என்பர். இங்குள்ள தமிழரை அயல்மாநிலத்தில் குடியேறியவர் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களுக்கும் திருவனந்தபுரமே தலைநகர். நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர் தம் தலைநகருக்கு வந்தவரேயன்றி வேற்றூருக்கு வந்தவரல்லர். பின்னாளில் நகர்ந்தது எல்லை, அவர்கள் நகரவில்லை.

டிசம்பர் மாதத்தில் இந்நகரத்துக் கடைகளில் கேக் குவிகிறது. சமய வேறுபாடின்றி எல்லோரும் வாங்குகின்றனர். ஆயினும் முட்டை புகாத இல்லங்களில் ஒரு தடை எழுகிறது. முட்டைக்குப் பதிலாக வாழைப்பழத்தைப் பிசைந்து சேர்த்துச் சுட்டால் அது கேக் ஆகுமா, வெறும் பணியாரம்தானா? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினாவுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் வழங்கிய ‘பவுண்டு கேக்’ என்பது மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கையும் ஒவ்வொரு பவுண்டு எடுத்துச் செய்வது. அடித்த முட்டையும் வெண்ணெயும் பிடித்துவைத்த காற்றே அதை எழுப்பியது. ஆகவே முட்டையின்றிக் கேக் இல்லை என்ற எண்ணம் அந்நாளில் நியாயமானதே. அதனைத் தளர்த்தியவர் பர்மிங்ஹாம் நகரத்து வேதியியலாளர் ஆல்பிரட் பேர்டு. அவருடைய மனைவியாருக்கு முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாமற் போகவே, 1837இல் முட்டையில்லாக் கஸ்டர்டு பொடியையும், 1843இல் பேக்கிங் பவுடரையும் ஆக்கினார். ஓர் இல்லத்தரசியின் உடல்நலத்துக்காகச் செய்த பொடி, உலகத்து அடுமனைகளையெல்லாம் மாற்றிவிட்டது.

இனி மலையாளக் கரைக்கு வருவோம். பர்மாவில் பிஸ்கட் தொழில் பயின்று திரும்பிய மம்பள்ளி பாப்பு என்பவர், 1880இல் தலசேரியில் ராயல் பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஈஸ்ட் கிடைக்காத ஊர். கள்ளையிட்டே மாவைப் புளிக்கவைத்தார் என்பர். 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன், பிரௌன் என்னும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த பிளம் கேக் ஒன்றைக் கொண்டுவந்து, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். உலர்ந்த திராட்சை, பேரீச்சை முதலியவற்றையும் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாஹி பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே இருந்ததால், அங்கிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் சொன்னார். பாப்பு அவ்வாறு செய்யவில்லை. தர்மடத்துக் கொல்லர் ஒருவரிடம் அச்சு அடிக்கச் செய்தார். மலபாரின் நறுமணப் பொருள்களைச் சேர்த்தார். பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் கொண்டு உள்ளூரில் வடித்த மதுவை ஊற்றினார். டிசம்பர் 20ஆம் நாள் கேக்கைச் சுவைத்த பிரௌன் வியந்து, மேலும் ஒரு டஜன் கேட்டார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இதனிடையே ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பிரௌனைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மர்டோக் பிரௌன் என்றே பலரும் எழுதுகின்றனர். அஞ்சரக்கண்டித் தோட்டத்தை நடத்திய முதல் மர்டோக் பிரௌன் 1828இலேயே மறைந்தார். கம்பெனியும் 1874இல் கலைந்தது. ஆகவே 1883இல் கேக் கொண்டுவந்தவர் பின்வந்த பிரௌன் ஒருவராகவே இருத்தல் வேண்டும். கதையின் சுவை இதனால் குறைவதில்லை. பெயரை மட்டும் சற்று எச்சரிக்கையோடு சொல்வது நன்று.

பாப்பு ஊற்றிய பழச்சாராயத்திலும் ஒரு விந்தை உண்டு. குமரி நாட்டார் கொல்லாம்பழம் என்று சொல்லும் முந்திரிப்பழம் நம் மண்ணுக்குரியதன்று. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்தது. அயல்நாட்டுப் பிராந்திக்கு மாற்றாக வந்ததில் பாதி, முன்னொரு நாள் வந்து வேரூன்றிய அயல்நாட்டுப் பழம்தான்! மலையாள நாட்டின் முதற் கேக் என்று கொண்டாடப்படுவதே இவ்வாறு ஒரு மாற்றுக் கேக். மம்பள்ளிக் குடும்பத்தின் கிளையினர் பின்னர்த் திருவனந்தபுரத்திலும் சாந்தா பேக்கரி என்ற பெயரில் கடை வைத்தனர். ஆகவே ‘இலக்கணப்படி அமைந்த கேக்’ என்று ஆரியசாலைச் சிறுவர் கண்டு ஏங்கியதும் கதலி வழி வந்ததே.

பஞ்சமும் போரும் மேனாட்டாருக்கும் இப்பாடத்தைக் கற்பித்தன. முதல் உலகப் போரின்போது அமெரிக்க இல்லங்களில் முட்டையும் பாலும் வெண்ணெயும் இன்றி, உலர்ந்த திராட்சையை வேகவைத்துச் செய்ததற்குப் ‘போர்க் கேக்’ என்றே பெயர். இங்கிலாந்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1940 நவம்பரில் வாழைப்பழ இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1945இன் இறுதியில்தான் பழக்கப்பல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், பார்ஸ்னிப் என்னும் வெண்ணிறக் கிழங்கை வேகவைத்து மசித்து, வாழைப்பழ எசென்ஸ் சில துளி விட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தனர். பழத்துக்கே மாற்றுத் தேடிய காலம் அது.

சாலைக் கடைகளில் குலை குலையாகத் தொங்கும் பழத்துக்கு அத்தகைய வறுமை இல்லை. மாவில் பழம் பிசைந்து சேர்ப்பது இந்நாட்டுக்குப் புதிதுமன்று. உண்ணியப்பம் அதற்குச் சான்று. எனினும் பழம் முட்டையின் வேலை முழுவதையும் செய்யாது. அடித்த முட்டை காற்றைப் பிடித்துவைக்கும்; சூட்டில் இறுகித் தாங்கும். பழமோ ஈரத்தைக் காக்கும், துகள்களைப் பிணைக்கும், இனிப்பூட்டும்; எழுப்பாது. எழுப்புவதற்குச் சமையல் சோடா வேண்டும். சோடா பொங்குவதற்குச் சற்றே புளிப்பு வேண்டும். ஆதலால் தோலில் கரும்புள்ளி விழுமளவு கனிந்த, இலேசான புளிப்புடைய பழமே ஏற்றது. முட்டை ஒன்றுக்கு மசித்த பழம் சுமார் 60 கிராம் போதும். இரண்டு முட்டைக்கு மேற்பட்ட அளவை இவ்வாறு மாற்றினால் கேக் களிபோல் அமுங்கும். பழத்தின் இனிப்புக்கு ஏற்பச் சர்க்கரையையும் குறைத்துக்கொள்ளலாம்.

இப்பக்குவத்துக்கு நம் பூவன் நன்கு பொருந்தும். ஆனால் மலையாளக் கடையில் பூவன் என்று கேட்டால் நம் ரஸ்தாளியை எடுத்துக் கொடுப்பர். நாம் பூவன் என்பதை அவர்கள் பாளயங்கோடன் என்பர். அப்பெயர் சொல்லியே வாங்குக.