பெற்றோல் இல்லாத நாளில் பிறந்த ரேஸ் கார்

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வசனம் பழக்கமாக இருக்கும்: "கஷ்டம் வந்தால்தான் தம்பி மூளை வேலை செய்யும்." அப்பாவின்ர மோட்டார் சைக்கிளோட இரவு முழுக்க நின்றபோது, முன்னுக்கு நின்ற ஒரு ஐயா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானது. எனக்கு மூளை ஒன்றும் வேலை செய்யவில்லை, நித்திரைதான் வந்தது.

அந்த ஐயாவின் கட்சிக்கு உலகம் காட்டும் முதல் சாட்சி மினி கூப்பர். எரிபொருள் தட்டுப்பாட்டில் பிறந்த ஒரு சின்னக் கார், ரேஸ் ஓடி வென்ற கதை. அந்தக் கதை உண்மைதான். ஆனால் அது அவர் நினைக்கிற பாடத்தைத்தான் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

1956 ஜூலையில் எகிப்தின் நாசர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன, கால்வாய் அடைபட்டது. டிசம்பரில் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. ஜேர்மனியில் செய்த மூன்று சில்லு, நாலு சில்லு "குமிழிக் கார்கள்" லண்டன் தெருக்களில் ஓடத் தொடங்கின. பி.எம்.சி. நிறுவனத்தின் தலைவர் லெனார்ட் லோர்டுக்கு அவற்றைக் கண்ணில் காட்டக் கூடாது. 1957 மார்ச்சில் தன் பொறியியலாளர் அலெக் இசிகோனிஸைக் கூப்பிட்டு, எண்ணெய் குறைவாகக் குடிக்கிற, ஆனால் நாலு பேர் ஒழுங்காக இருக்கக்கூடிய உண்மையான கார் ஒன்று வேண்டும் என்றார். ஒரே நிபந்தனை, நிறுவனத்திடம் ஏற்கனவே இருக்கிற எஞ்சினையே பாவிக்க வேண்டும்.

இசிகோனிஸ் 1906 இல் ஸ்மேர்னாவில் பிறந்தவர். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம் அது. தகப்பன் கிரேக்கர், தாய் ஜேர்மன்காரி. 1922 செப்டெம்பரில் துருக்கிப் படை நகருக்குள் வந்தபோது இலட்சக்கணக்கானோர் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். இசிகோனிஸ் குடும்பத்திடம் பிரித்தானியக் குடியுரிமை இருந்தது. அதனால் அவர்களைப் பிரித்தானியக் கடற்படை மோல்டாவுக்கு ஏற்றிச் சென்றது. சிறிது காலத்தில் தகப்பன் இறந்துபோக, 1923 இல் தாயும் மகனும் இங்கிலாந்து போனார்கள். பொறியியல் படிக்கப் போன இடத்தில் கணித பாடத்தில் மூன்று தரம் பெயில். அந்த மனிதர்தான் 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரை வடிவமைத்தார். ஓம், எங்கட ஊர்களில் ஓடின அதே மொறிஸ் மைனர்.

1959 ஓகஸ்ட் 26 இல் மினி வெளிவந்தது. நீளம் 3.05 மீற்றர்தான். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பெட்டியை அதற்குக் கீழே போட்டு, இரண்டுக்கும் ஒரே ஒயில். சில்லுகள் 10 அங்குலம், அவையும் காரின் நாலு மூலைகளிலும். சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர். இவ்வளவும் செய்தது இடம் மிச்சம் பிடிக்க. வேகத்துக்காக இல்லை. எஞ்சின் 848 சி.சி., வலு வெறும் 34 குதிரைவலு.

ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கியது. இந்தக் கார் வளைவுகளில் தடுமாறவில்லை. எடை ஏறத்தாழ 600 கிலோ, சில்லுகள் மூலைகளில், இழுப்பது முன்சில்லு. சிக்கனத்துக்காகச் செய்த ஒவ்வொன்றும் வேகத்துக்கும் உதவியது. இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜோன் கூப்பர். 1959 இலும் 1960 இலும் பார்முலா வன் உலகப் பட்டம் வென்ற கார்களைக் கட்டியவர். இசிகோனிஸ் அவருடைய நண்பர், ஆனால் யோசனையை விரும்பவில்லை. தன் கார் சாதாரண சனத்துக்கு, ரேஸுக்கு இல்லை என்பது அவர் நிலைப்பாடு. கூப்பர் அவரைத் தாண்டி மேலிடத்தில் ஜோர்ஜ் ஹரிமனிடம் போனார். ஹரிமன் 1,000 கார்களுக்குச் சம்மதித்தார். விற்கும் ஒவ்வொரு காருக்கும் கூப்பருக்கு 2 பவுண்.

1961 இல் மினி கூப்பர் வந்தது. 997 சி.சி., இரண்டு காபரேற்றர், 55 குதிரைவலு, முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். அடுத்த வருடமே நெதர்லாந்தின் ரியூலிப் ரலியை வென்றுகொடுத்தது பற் மொஸ் என்ற பெண். 1964 இல் 1071 சி.சி. கூப்பர் எஸ் காரில் மின்ஸ்கிலிருந்து புறப்பட்ட பெல்பாஸ்ற்காரர் பேடி ஹொப்கேர்க், மொன்ரே கார்லோ ரலியை வென்றார். இரண்டாவதாக வந்தது 4.7 லீற்றர் எட்டு சிலிண்டர் ஃபோர்ட் பல்கன். சிறிய எஞ்சினுக்குச் சாதகமான புள்ளிமுறையும் கைகொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1965 இலும் மினிதான். 1966 இல் முதல் மூன்று இடமும் மினி. ஆனால் முன்விளக்கு பல்ப் விதிக்குப் பொருந்தவில்லை என்று மூன்றையும் நீக்கி, பிரெஞ்சு சிற்றோன் காருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். 1967 இல் மினி திரும்ப வந்து வென்றது. 1971 இல் நிறுவனத்தின் புதிய நிர்வாகம் கூப்பர் ஒப்பந்தத்தையே முடித்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயர் பி.எம்.டபிள்யூவிடம், விலையோ சாதாரண சனத்துக்கு எட்டாதது.

இனி அந்த ஐயாவின் வசனத்துக்கு வருவம்.

என்ட அம்மப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோக, அதுவும் மற்றக் கார்களைப் போல மண்ணெண்ணெயில் ஓடியது. துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெள்ளைப் புகை, மணம், இடைக்கிடை நடுறோட்டில் நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த மெக்கானிக்மார் இசிகோனிஸுக்கு மூளையில் குறைந்தவர்கள் இல்லை. தட்டுப்பாடும் அங்கே இருந்ததை விட எத்தனையோ மடங்கு. பிரித்தானியப் பங்கீடு 1957 மேயில், ஐந்தே மாதத்தில் முடிந்துவிட்டது. எங்கட தடை வருடக்கணக்கு.

பிறகேன் அங்கே மினி கூப்பர், இங்கே வெள்ளைப் புகை? அங்கே தட்டுப்பாட்டுக்குப் பின்னால் தொழிற்சாலை இருந்தது, தயார் எஞ்சின் இருந்தது, "செய்" என்று சொல்ல லோர்ட் இருந்தார், 1,000 கார் நட்டமானாலும் தாங்கும் கணக்குப் புத்தகம் இருந்தது. அகதியாய் வந்த பிள்ளை மூன்று தரம் பெயில் விட்ட பிறகும் வேலை செய்ய இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் முதல், 1922 இல் ஏற்றிக்கொள்ள ஒரு கப்பல் வந்தது. துறைமுகத்தில் மிஞ்சியவர்களுக்குள் எத்தனை இசிகோனிஸ் இருந்திருப்பினம் என்று யாருக்கும் தெரியாது.

கஷ்டம் மூளையை வேலை செய்ய வைக்கும், சரி. அந்த வேலையைக் காராக்குவது கஷ்டம் இல்லை. அடுத்த முறை வரிசையில் யாராவது அந்த வசனத்தைச் சொன்னால், மினி கூப்பரின் கதையை முழுக்கச் சொல்லுவன். வரிசை நீளம்தானே, நேரம் இருக்கும்.