"எனக்கு வருமானமே இல்லை" – ஜீவனாம்ச வழக்கில் வரிக் கணக்கு வந்த கதை

மலருக்கு வரலாறு எழுதணும்னு சொன்னாங்க. கோயில் பற்றியும் தீபம் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் ஜீவனாம்சத்தின் வரலாற்றை எழுதுகிறேன். நம்ம குழுக்களில் புருஷன் விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

மனைவியைக் கைவிட்டவன் மாதாமாதம் பணம் கட்டணும் என்ற சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டு. 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆவது பிரிவு அது. ஆனால் மாதம் 50 ரூபாய்க்கு மேல் மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியாது. 1923ல் அது 100 ரூபாய் ஆனது, 1955ல் 500 ஆனது. 1973ல் புதுச் சட்டம் வந்து 125ஆவது பிரிவு என்று நம்பர் மாறியது. விவாகரத்து ஆனவங்களும் மறுமணம் செய்யாத வரை கேட்கலாம் என்று அதில் சேர்த்தார்கள். அந்த 500 ரூபாய் மட்டும் மாறவே இல்லை. 2001ல்தான் உச்சவரம்பை எடுத்தார்கள். அதாவது 46 வருஷம் அதே 500! விலைவாசி எங்கே போச்சு, இது எங்கே நின்னுச்சு பாருங்க.

500தான் அதிகபட்சம் என்று இருந்தவரை அவனுக்கு நிஜமா எவ்வளவு வருமானம் என்று தோண்டிப் பார்க்கப் பெரிசாக அவசியம் இல்லை. வரம்பு போனதும் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி ஆனது. ஆம்பளைங்க பதிலும் தயாரா இருந்தது: "எனக்கு வருமானமே இல்லைங்க ஐயா."

இந்தப் பதிலை உடைக்கத்தான் வரிக் கணக்கு வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2015லேயே கணவன் மனைவி இரண்டு பேரும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரணும் என்று சொன்னது. நாடு முழுக்க அதைக் கொண்டு வந்தது நாக்பூரில் தொடங்கிய ஒரு வழக்கு. அதில் மனைவிக்கு மாதம் 15,000 ரூபாய், பிள்ளைக்கு முதலில் 5,000, பிறகு 10,000 என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்டது. கணவர் உயர் நீதிமன்றம் போய் அங்கேயும் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கே நீதிபதிகள் 2005-06 முதல் உள்ள வருமான வரிக் கணக்கையும் பாஸ்போர்ட் நகலையும் கொண்டு வா என்றார்கள். 2020 நவம்பர் 4ஆம் தேதி நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி தீர்ப்பு சொன்னார்கள். இனி எல்லா கோர்ட்டிலும் அந்தப் பிரமாணப் பத்திரம் கட்டாயம். மனு போட்ட நாளில் இருந்தே பணம் கணக்காகும். பொய் எழுதினால் அதற்குத் தனி நடவடிக்கை. வக்கீல்களிடம் ரஜ்னேஷ் – நேகா தீர்ப்பு என்று சொன்னால் போதும்.

வரிக் கணக்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அவனே எழுதிக் கையெழுத்து போட்டது அது. லாரி வாங்க, வீடு கட்ட பேங்க் கடன் கேட்கும்போது வருமானத்தைக் காட்டித்தான் ஆகணும். கோர்ட்டில் அதே ஆள் கூலி வேலை என்பான். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா கணவரின் வண்டிக் கடன் பேப்பர் ஜெராக்ஸை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாங்க. அதைக் காட்டித்தான் வரிக் கணக்கைக் கேட்டாங்க. கேஸ் இன்னும் முடியல, ஆனா கூலி என்ற பேச்சு நின்னுடுச்சு.

அதே 2020 நவம்பரில், ஜோத்பூர் பெண் ஒருத்தருக்குக் கணவரின் மொத்த வருமான விவரத்தைக் கொடுக்கச் சொல்லி மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் 2012லேயே உச்ச நீதிமன்றம் வரிக் கணக்கு ஒருவரின் சொந்தத் தகவல் என்று சொல்லியிருக்கிறது. அதனால் தகவல் உரிமை மனுவை மட்டும் நம்பாமல் கோர்ட் மூலமாகக் கேட்பதே உறுதி.

நம்ம ஊரில் பாதிப் பேர் விவசாயம், அதுக்கு வருமான வரியே கிடையாதே என்பீங்க. அதற்கும் அந்தத் தீர்ப்பில் தனிப் படிவம் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அதுதான். நிலம் நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மூணு வருஷத்தில் எவ்வளவு வந்தது, குத்தகை உண்டா, மாடு எத்தனை, ஆடு கோழி எத்தனை, அதில் என்ன வருமானம் என்று கேட்கிறது. டெல்லியில் உட்கார்ந்து கோழியை எண்ணச் சொல்லியிருக்காங்க!

நாமும் அதே படிவம் எழுதணும் என்பதை மறக்க வேண்டாம். தையல் வருமானம், நகை, வாங்கின கடன், எல்லாமே அதில் வரும். 2024 ஜூலை 1 முதல் 125ஆவது பிரிவு போய், புதுச் சட்டத்தில் 144 என்று ஆகிவிட்டது. மனுவில் அந்த நம்பர்தான்.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரணும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். திருவண்ணாமலையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். போகும்போது கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, அவர் பாஸ்புக், கடன் பேப்பர், வண்டி ஆர்.சி., பட்டா, பால் சொசைட்டி அட்டை, எது ஜெராக்ஸ் கையில் இருந்தாலும் எடுத்துப் போங்க. பான் நம்பர் தெரிஞ்சா ஒரு சீட்டில் குறிச்சு வச்சுக்குங்க.