அமெரிக்கப் பொலிஸாரும் இரட்டை வரிசைக் கைத்துப்பாக்கிகளும்

அமெரிக்காவில் பொலிஸார் பணியின்போது இடுப்பில் அணியும் கைத்துப்பாக்கி எது என்பதை நிர்ணயிக்கும் தேசிய விதி எதுவும் கிடையாது. அங்குள்ள சுமார் 18,000 சட்ட அமலாக்க அமைப்புகளும் அதனைத் தாமே முடிவு செய்கின்றன. அவற்றுள் ஒரு பகுதியினர் 500 முதல் 600 டொலர் வரை விலையுள்ள கிளொக் ரகத் துப்பாக்கிகளிலிருந்து விலகி, ஏறத்தாழ 2,500 டொலருக்கு விற்கப்படும் ஸ்டக்காட்டோ போன்ற உயர்விலைத் துப்பாக்கிகளை நாடி வருகின்றனர். அமெரிக்க மார்ஷல்கள் சேவையின் சிறப்பு நடவடிக்கைக் குழு போன்ற தெரிந்தெடுக்கப்பட்ட பிரிவுகளில் முதலில் இடம்பிடித்த இவ்வகைத் துப்பாக்கி, தற்போது சாதாரண ரோந்துக் காவலர்களையும் எட்டியிருக்கிறது.

இதன் மூலவடிவம் நூறாண்டு பழைமையானது. ஜோன் பிரௌனிங் வடிவமைத்து, 1911ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியே அது. அதன் கைப்பிடிக்குள் செருகப்படும் மகசினில் ஏழு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். 1990களின் தொடக்கத்தில் வேர்ஜில் டிரிப், சாண்டி ஸ்ட்ரேயர் ஆகிய இருவர், உலோகச் சட்டத்தையும் கைப்பிடியையும் தனித்தனிப் பாகங்களாகப் பிரித்து, தோட்டாக்கள் இரு வரிசைகளாகச் சற்றே விலகி அமரும் வகையில் அதனை மாற்றியமைத்தனர். இதனால் ஏழு தோட்டாக்கள் இருந்த இடத்தில் 17 தோட்டாக்களையும் அதற்கு மேலும் நிரப்ப முடிந்தது. நீண்ட காலம் இது சுடும் போட்டிகளில் பங்கேற்போரின் துப்பாக்கியாகவே இருந்தது.

தோட்டாக்களின் எண்ணிக்கை மட்டுமே இந்த விலையை விளக்காது. கிளொக் 17 ரகமும் 1980களிலிருந்தே 17 தோட்டாக்களைக் கொண்டது. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது, முக்கியமாக, விசை. இவ்வகைத் துப்பாக்கியில் விசை நேராகப் பின்னோக்கிச் சிறிது தூரமே நகர்கிறது. அதனை இழுக்க ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தம் போதும். விசையை இழுக்கும்போது துப்பாக்கி அசைவது குறைவதால், குறி தவறுவதும் குறையும் என்பது இதனை ஆதரிப்போரின் வாதம்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நியூயோர்க் பொலிஸாரின் துப்பாக்கிப் பயன்பாடு குறித்து ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிராளியும் சுடும் மோதல்களில் பொலிஸார் சுட்ட தோட்டாக்களில் சராசரியாக 18 வீதமே இலக்கைத் தாக்கின. எதிராளி சுடாத சம்பவங்களில்கூட இது 30 வீதம்தான். எஞ்சிய தோட்டாக்களும் எங்கோ ஓரிடத்தில் சென்று பதிகின்றன. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்பாக, கொலை செய்துவிட்டு வந்த ஒருவரை நோக்கி இரு காவலர்கள் 16 தடவைகள் சுட்டபோது, வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தனர். அனைவரும் பொலிஸாரின் தோட்டாக்களாலோ அவற்றின் சிதறல்களாலோ காயமுற்றவர்கள். தற்செயலாக வெடிப்பதைத் தவிர்க்கவென, விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் அதிகமான அழுத்தம் தேவைப்படும் வகையில் அந்நகரப் பொலிஸாரின் துப்பாக்கிகள் அப்போது மாற்றியமைக்கப்பட்டிருந்தன. கடினமான விசையும் குறி தவறக் காரணம் என்ற விமர்சனம் அதன் பின்னர் வலுவாக எழுந்தது.

ஆயினும், இலகுவான விசைக்கு மறுபக்கமும் உண்டு. மன அழுத்தத்தில் விரல் தன்னையறியாமல் இறுகும் ஒரு கணத்தில், இரண்டு கிலோ என்பது மிகச் சிறிய தடை. இதனாலேயே இவ்வகைத் துப்பாக்கியில் கட்டைவிரலால் இயக்கும் பாதுகாப்புத் தாழ் ஒன்று உள்ளது. கிளொக்கில் அப்படியொன்று இல்லை. பல ஆண்டுகள் கிளொக்குடன் பழகிய ஒரு காவலர், உயிராபத்தான நொடியில் அந்தத் தாழை விடுவிக்க மறக்கலாம். துப்பாக்கியை உறையில் இடும்போது அதனை மீண்டும் பூட்ட மறக்கலாம். இரண்டுமே பயிற்சியால் மட்டும் தீரக்கூடியவை. பயிற்சிக்கு வேண்டிய தோட்டாவும் நேரமும் துப்பாக்கியின் விலைச்சீட்டில் இல்லை.

தோட்டாக்களின் எண்ணிக்கை பற்றிய விவாதம் இன்னும் பழையது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐ முகவர்கள் இருவர் கொல்லப்பட்டு ஐவர் காயமடைந்தனர். முகவர்கள் பலரிடம் ஆறு தோட்டா சுழல்துப்பாக்கிகளே இருந்தன. அமெரிக்கப் பொலிஸார் சுழல்துப்பாக்கியைக் கைவிட்டதற்கு இச்சம்பவம் ஒரு பிரதான காரணமாகக் கூறப்படுகிறது. 1999 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஆயுதம் ஏதுமின்றித் தனது வீட்டு வாசலில் நின்ற அமது டியாலோ என்ற கினி நாட்டுக் குடியேறியை நோக்கி நான்கு காவலர்கள் 41 தடவைகள் சுட்டனர். அவர்களில் இருவர் தலா 16 தோட்டாக்களைத் தீர்த்திருந்தனர். பழைய சுழல்துப்பாக்கிகளாக இருந்திருப்பின், நால்வரும் மீண்டும் நிரப்பாமல் சுடக்கூடியது 24 தடவைகளே. டியாலோ உயிர் பிழைத்திருப்பார் என்று இந்தக் கணக்கு நிரூபிக்கவில்லை. ஆனால் ஒருவர் சுட்டதும் மற்றவர்களும் தொடர்ந்து சுடும் தன்மைக்கு, நிரம்பிய மகசின் எந்தத் தடையும் விதிப்பதில்லை என்பதை அது காட்டுகிறது. நான்கு காவலர்களும் 2000ஆம் ஆண்டு குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

யார் பணம் செலுத்துவது என்பது குறைவாகவே பேசப்படும் விடயம். பல அமைப்புகள் இத்துப்பாக்கிகளைத் தாமே வாங்கி வழங்குவதில்லை. அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டு, விரும்பும் காவலர் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ள அனுமதிக்கின்றன. நிர்வாகத்துக்கு இது செலவில்லாத ஏற்பாடு. ஆனால் ஒரே வாகனத்தில் செல்லும் இரு காவலர்கள் இயக்கமுறையிலும் மகசினிலும் வேறுபட்ட துப்பாக்கிகளை வைத்திருக்கும் நிலையை அது உருவாக்குகிறது. அவசரத்தில் ஒருவர் மற்றவருக்குத் தோட்டா கொடுத்துதவ முடியாது. இக்குறையை உணர்ந்தோ என்னவோ, கிளொக் மகசின்களை ஏற்கும் எச்டி என்ற புதிய வகையை ஸ்டக்காட்டோ நிறுவனம் 2025 ஜனவரியில் அறிமுகம் செய்தது. கீழே விழுந்தால் வெடிக்காதிருக்க, சுடும் ஊசியைத் தடுக்கும் அமைப்பும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் கட்டைவிரல் தாழ் அதிலும் உண்டு. ஆகவே, இத்துப்பாக்கியை அணிய அனுமதிக்கும் முன்னர் காவலரைத் தனியான பயிற்சிக்கு உட்படுத்துவதா, எத்தனை மணிநேரம், எவர் செலவில் என்பதை ஒவ்வொரு அமைப்பும் தானே முடிவு செய்ய வேண்டியுள்ளது.