கொச்சி நாட்டில் கணக்கின் ஏணி
மட்டாஞ்சேரி அரண்மனையில் கொச்சி மன்னர்கள் முடிசூடிய காலத்தில், ஆசான் நடத்திய எழுத்துப்பள்ளிகளில் ஆண்டுதோறும் எல்லோரையும் ஒன்றாக மேலேற்றும் வகுப்பு முறை கிடையாது. எண்ணும் வாய்பாடும் மனத்தில் பதிந்த பிள்ளை, மற்றவர்களுக்காகக் காத்திராமல் அடுத்த பாடத்துக்குச் சென்றது. அதற்கு மேற்பட்ட கணிதம் சோதிடத்தோடும் வானியலோடும் சேர்ந்து குருவிடம் கிடைத்தது என்றாலும், அவ்வாயில் சாதியால் பெரும்பாலோருக்கு அடைபட்டே இருந்தது. இம்மரபின் பெரும் நூலான, 1530 அளவில் ஜ்யேஷ்டதேவன் இயற்றிய 'யுக்திபாஷா', கூட்டல் கழித்தலில் தொடங்கி, வட்டத்தின் சுற்றளவை முடிவிலாத் தொடரால், அதாவது முற்றுப்பெறாமல் நீளும் கூட்டலால், கணக்கிடும் முறைவரை காரணம் காட்டி ஏறுகிறது. சமஸ்கிருதச் செய்யுளை விட்டு மலையாள உரைநடையில் அதைச் செய்ததே அதன் துணிவு. அதன் கணிதப் பகுதியை ராமவர்ம மரு தம்புரானும் அகிலேஸ்வர ஐயரும் 1948இல் திருச்சூரில் விளக்கவுரையோடு பதிப்பித்தனர்.